காலி என்று ஒதுக்கிய கேசட்: ராயபுரத்தில் ஓர் ஒலி மீட்பு

ராயபுரம் மாதா கோயில் தெருவை ஒட்டிய ஒரு வீட்டிலிருந்து வந்த பெட்டியில் இருந்த ஒரே ஒரு கேசட்டைப் பற்றிய ஆய்வு இது. பெட்டிக்குச் சொந்தக்காரர் சரக்குக் கப்பல்களில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து பெட்டி இறங்கியது. உள்ளே பெரும்பாலும் இளையராஜா, நாகூர் ஹனிபா, மாதா பாட்டு. நடுவில் டிடிகே 60 நிமிடக் கேசட் ஒன்று. அதன் அட்டையில் பாட்டுப் பெயர் எதுவும் இல்லை. நீல மையில் 31-12-86 என்று தேதி மட்டும் இருந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வைத்திருக்கும் சின்ன ஒலிப்பதிவு அறைக்கு அதைக் கொண்டுவந்தவர் அவருடைய மகள், பள்ளி ஆசிரியை. "சார், எல்லாத்தையும் ஒரு கடையில குடுத்து சிடி போட்டோம். இதுல மட்டும் ஒண்ணும் இல்ல, காலி கேசட்டுன்னு சொல்லிட்டாங்க. ஆனா அப்பா ஊருக்கு வந்தா ராத்திரி லைட்டை அணைச்சிட்டு இதைத்தான் கேப்பாரு. காலி கேசட்டை யாராவது கேப்பாங்களா சார்?"

கடைக்காரர் முழுக்கக் காலி என்று விட்டுவிடவில்லை. 60 நிமிடக் கேசட்டிலிருந்து 11 நிமிடத்தை மட்டும் எடுத்து நாலு துண்டாக சிடியில் போட்டிருந்தார். பட்டாசு வெடிக்கும் இடங்கள், கூச்சல் கேட்கும் இடங்கள் இவைதான் அந்தத் துண்டுகள். மீதி எல்லாம் போய்விட்டது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் உதவியது அந்த சிடிதான். எது, எப்படி, ஏன் காணாமல் போனது என்பதை அசலோடு பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க முடிந்தது.

கேசட்டில் இருந்தது, துறைமுகக் கப்பல்களின் சங்கொலியை வைத்து அந்த எலெக்ட்ரீஷியன் செய்த இசை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். தாளமில்லாத, மெட்டில்லாத, மெதுவாக நகரும் இந்த வகை ஒலிப்பதிவுகளைப் பூஞ்சையும் ஈரமும் அழிப்பதைவிட, காப்பாற்றப் போகிற நம் கையே அதிகம் அழிக்கிறது. இரைச்சலுக்கு வெகு பக்கத்தில் நிற்கும் இசை இது. மனிதக் காதும் ஏமாறுகிறது, மென்பொருளும் ஏமாறுகிறது.

இதே மாதிரி பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 1969-ல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் ட்யூடர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் மூக் சின்தசைசர் ஒன்றை நிறுவி, இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றவர்கள் அங்கே பதிவு செய்தார்கள். பிறகு அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியிலேயே கிடந்தன. பால் பர்காஸ் என்ற கலைஞர் தேடிப் போய் எடுத்ததால், 1969 முதல் 1972 வரையிலான பதிவுகள் 2023-ல் தொகுப்பாக வெளிவந்தன. பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்ட் 808, 303 என்ற மின்னணுத் தாள, பேஸ் கருவிகளை வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அந்தத் தட்டு அன்று விலைபோகவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோதுதான், சிகாகோவில் 1987-ல் தலையெடுத்த ஒரு நடன இசையின் சத்தம் அதில் முன்கூட்டியே கேட்கிறது என்று உலகம் ஆச்சரியப்பட்டது. ஒன்றை ஒரு நிறுவனம் வைத்திருந்தது. இன்னொன்று தட்டாக அச்சாகியிருந்தது. வீட்டில் தானாகப் பதிவு செய்த கேசட்டுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. உலகத்திலேயே ஒரு பிரதிதான் இருக்கும், அதுவும் பரணில்.

வடசென்னையில் இப்படிப்பட்ட பெட்டிகள் நிறைய இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கப்பல் வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். ஒருவர் வந்து இறங்கினால் தெருவுக்கே ஒரு டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) வந்துசேரும். போகாதவர்களுக்கு பர்மா பஜார் இருந்தது. நாடெங்கும் மற்றவர்கள் சினிமாப் பாட்டு கேசட் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே பதிவு செய்யும் கருவியே வீட்டுக்குள் இருந்தது.

கேசட்டின் உடல்நிலை

கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு ஸ்க்ரூ போட்டது, நல்லவேளை. ஒட்டி மூடிய ஓடாக இருந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. கடற்காற்றில் இருக்கும் வீடுகளில் இது சகஜம். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் மேல் நாடாவை அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுப் பட்டை, பசை காய்ந்து ஓட்டுக்குள்ளேயே விழுந்து கிடந்தது. பட்டை இல்லாமல் ஓட்டினால் நாடா ஹெட்டில் சரியாக உட்காராது. முதலில் போவது உச்ச ஸ்தாயிச் சத்தங்கள், அப்புறம் இடையிடையே எல்லாமே மங்கும். கடையில் அப்படியேதான் ஓட்டியிருக்கிறார்கள் என்பது சிடியைக் கேட்டாலே தெரிகிறது.

சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஈரம் போகும்வரை வைத்தோம். வெயிலில் காட்டவில்லை, சூட்டில் பிளாஸ்டிக் ஓடும் வளையும், நாடாவும் சுருங்கும். பிறகு ஓட்டைத் திறந்து, திறந்த ஜன்னல் பக்கம் முகக்கவசத்தோடு உட்கார்ந்து, மென்மையான தூரிகையால் சுருளின் ஓரத்தைத் துடைத்து, நாடாவை வேறொரு நல்ல ஓட்டுக்கு மாற்றினோம். நாடாவைச் சுட வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எழுபது, எண்பதுகளின் சில ஸ்டூடியோ ரீல் நாடாக்களில் பசை ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அவற்றை 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்காக வைத்து உலர்த்துவது உண்டு. கேசட்டில் அந்த நோய் அபூர்வம். இந்த நாடாவில் அதன் அறிகுறி இல்லை, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்து ஹெட் ஸ்க்ரூ. பதிவு செய்த டெக்கின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ, நம் டெக்கின் ஹெட்டும் அதே கோணத்தில் நின்றால்தான் உச்சச் சத்தம் முழுசாக வரும். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது ஓடுவது விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். இவ்வளவு மெதுவாக ஓடும்போது சின்னக் கோண வித்தியாசம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். பாட்டு கேசட் என்றால் பாடகரின் ஸ, ச எழுத்துகளைக் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூவைத் திருப்பலாம். இதில் பாட்டே இல்லை. முதல் சில நிமிடங்கள் அடித்தொண்டை உறுமல் மட்டும்தான். எங்களுக்குக் கைகொடுத்தவை காக்கைகள். நள்ளிரவுப் பட்டாசில் தூக்கம் கலைந்து கத்திய காக்கைகளின் குரலில் கரகரப்பு தெளிவாகும்வரை ஸ்க்ரூவை நூலளவு நூலளவாகத் திருப்பினோம். ஒரு கட்டத்தில் அந்தக் கரகரப்பு சட்டென்று முன்னால் வந்து நின்றது. அதோடு சேர்ந்து தூரத்துக் கோயில் மணியும், தெருவில் யாரோ ஓடும் செருப்புச் சத்தமும் வந்தன. இந்த இரண்டும் சிடியில் எங்குமே இல்லை.

கணினியில் பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியைப் போடவில்லை. நாடாவின் தொடக்கத்து வெற்றுப் பட்டையிலிருந்து கடைசி வரை ஒரு நொடிகூட வெட்டாமல் எடுத்தோம். ஒரு பக்கம் 30 நிமிடம், ஏறக்குறைய 1 ஜிபி. இன்றைக்கு அது ஒரு இடமே இல்லை.

முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும்

ஏ பக்கம் நேரடிப் பதிவு. 1986 டிசம்பர் 31 நள்ளிரவு, ராயபுரம் மொட்டை மாடி. பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் சேர்ந்து சங்கு ஊதுகின்றன. இதில் மின்சார ஹம் (கரண்ட்டில் ஓடும் கருவியின் ரீங்காரம்) துளியும் இல்லை, ஆகவே பேட்டரியில் ஓடிய டூ-இன்-ஒன். நடுவில் ஒரு பெண் குரல்: "பனியில நிக்காதீங்க, கீழ வாங்க."

பி பக்கம்தான் விஷயம். அதே மொட்டை மாடி, அதே காக்கைகள், அதே வரிசையில் பின்னால் ஓடுகின்றன. அதன்மேல் மிகக் கீழான ஸ்தாயியில் சங்கொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து தணிகின்றன. இந்தப் பக்கத்தில் ஹம் இருக்கிறது. அதாவது வீட்டுக்குள் கரண்ட்டில் ஓட்டிச் செய்த வேலை. அந்தச் சங்கொலிகளை அலைமாலையில் (ஒலியைப் படமாக வரைந்து காட்டும் திரையில்) பார்த்தபோது, ஒரே ஸ்வரத்தில் வரும் ஒவ்வொரு ஊதலும் அச்சு மாறாமல் ஒரே நீளம். ஒரு ஸ்தாயி கீழே போனால் நீளம் சரியாக இரண்டு மடங்கு. சில ஊதல்கள் 1.4 விநாடியை ஒட்டி, சில 2.8 விநாடியை ஒட்டி. மனிதர் கையால் ஊதும் சங்கு இப்படி வராது.

1.4 விநாடி என்றதும் எனக்குக் கேசியோ எஸ்கே-1 ஞாபகம் வந்தது. எண்பதுகளின் நடுவில் வந்த, 32 குட்டிக் கட்டைகள் கொண்ட கீபோர்டு. எந்தச் சத்தத்தையும் 8 பிட்டில் 1.4 விநாடி பிடித்துவைத்து, கட்டைகளில் வாசிக்க விடும். அதன் மாதிரி எடுக்கும் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, 9.38 கிலோஹெர்ட்ஸ். அதில் பாதிக்கு மேல், அதாவது 4.7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், அசல் ஒலி பிடிபடாது. பி பக்கத்தில் காக்கைகள் அந்த எல்லையைத் தாண்டித் தாராளமாகக் கத்துகின்றன. மேலே அடுக்கிய சங்கொலியின் சரக்கு மட்டும் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மகளிடம் கேட்டேன். "ஆமா சார், சிங்கப்பூர்ல இருந்து ஒரு குட்டி கேசியோ வாங்கினு வந்தாரு. நாங்க அதுல நாய் மாதிரி கத்தி விளையாடுவோம்" என்றார். அடுத்த வாரம் அதையே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பிடித்திருந்தது, ஆனால் எழுத்துகள் தெளிவாக இருந்தன: எஸ்கே-1.

ஆக, செய்தது இது. மாடியில் பிடித்த சங்கை எஸ்கே-1-க்குள் ஏற்றி, அதைக் கீழ்க்கட்டைகளில் வாசித்து, பின்னால் மாடிப் பதிவின் பிரதி ஒன்றை ஓடவிட்டு, எல்லாவற்றையும் இன்னொரு டெக்கில் பிடித்திருக்கிறார். ஆகப் பெரிய கருவி ஒரு விளையாட்டுக் கீபோர்டு.

இசை என்று சொல்ல எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் ஒன்று உண்டு. பி பக்கத்தில் பதினேழாவது நிமிடத்தில் பின்னணி மாடிச் சத்தம் மெதுவாக இறங்கி, சில விநாடி கிட்டத்தட்ட அடங்கி, மறுபடி ஏறுகிறது. ஏ பக்கத்தோடு ஒத்துப் பார்த்தால், மனைவியின் குரல் வர வேண்டிய இடம் அது. குரல் வருவதற்கு முன்பே வால்யூமைக் குறைத்து, போனபின் ஏற்றியிருக்கிறார். எங்கே குரல் வரும் என்று மனப்பாடமாகத் தெரிந்து செய்தது. தற்செயலாக ஓடிய கேசட்டில் இப்படி நடக்காது. கடையின் மென்பொருள் இந்த இறக்கத்தை இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ள இடைவெளி என்று எடுத்துக்கொண்டு, சரியாக அங்கேயே வெட்டியிருந்தது.

சுத்தம் செய்ததில் போனது

சிடியையும் எங்கள் பதிவையும் ஒத்துப் பார்த்ததில் மூன்று கைவேலைகள் தெரிந்தன. முதலாவது, மௌனம் என்று கருதிய இடங்களைத் தானாக வெட்டும் வசதி. ஒரு அளவுக்குக் கீழே சத்தம் போனால் மென்பொருள் வெட்டிவிடும். மெல்லிய இசைக்கு அதுவே கத்தி.

இரண்டாவது, இரைச்சல் நீக்கம். சத்தமே இல்லை என்று தோன்றும் ஓரிடத்தைக் காட்டி, இதுதான் இரைச்சல், இதை எல்லா இடத்திலிருந்தும் கழி என்று சொல்வார்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் இது ஓரளவு சரி. நீண்டு நிற்கும் சங்கொலி ஓடும் இடத்தைக் காட்டினால்? மென்பொருள் அந்தச் சங்கையே இரைச்சல் என்று கற்றுக்கொண்டு முழுக் கேசட்டிலும் தேடித் தேடிக் கழித்துவிடும். மிஞ்சுவது தண்ணீருக்கடியில் கேட்பது போன்ற குமிழிச் சத்தம். சிடியில் இருந்தது அதுதான்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. ஹம் நீக்கம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் ஹம் 50, 100, 150, 200 என்று மடங்குகளில் வரும். அந்த இடங்களில் எல்லாம் மென்பொருள் பள்ளம் பறிக்கும். இப்போது கப்பல் சங்கைப் பாருங்கள். கடலில் கப்பல்கள் மோதாமல் தடுக்க 1972-ல் வகுத்த சர்வதேச விதிகளின்படி, 200 மீட்டருக்கும் அதற்கு மேலும் நீளமான கப்பலின் சங்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். 75 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் 130 முதல் 350. அதற்கும் சின்னதென்றால் 250 முதல் 700. கப்பல் பெரிசானால் குரல் தடிக்க வேண்டும் என்பதே விதி. இந்தக் கேசட்டில் இருக்கும் ஒரு பெரிய கப்பலின் சங்கு 148 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. 150-ல் பறித்த பள்ளம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. எஸ்கே-1-ல் இன்னும் கீழே வாசித்த ஸ்வரங்களில் பல, 50-லும் 100-லும் பறித்த பள்ளங்களில் போய் விழுந்தன. ஹம்மை எடுக்கப் போய், கேசட்டில் யாராவது வேலை மெனக்கெட்டுச் செய்தது எதுவோ அதை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் ஹம்மைத் தொடவில்லை. கேட்பதற்கென்று எடுத்த தனிப் பிரதியில் வேகத்தை மட்டும் சரிசெய்தோம். அளவுகோல் எஸ்கே-1-தான்: 1.4 விநாடி இருக்க வேண்டிய ஊதல் 1.37 ஆக வந்தது, நாடா இரண்டு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று கணக்கு. மூலப் பதிவில் அதுகூட மாற்றமில்லை.

இங்கே அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பாசின்ஸ்கியின் கதையைச் சிலர் நினைவுபடுத்துவார்கள். 1982-ல் செய்த நாடாச் சுற்றுகளை அவர் 2001-ல் டிஜிட்டலுக்கு மாற்றும்போது, நாடாவின் காந்தப் பூச்சு ஹெட்டில் உதிர்ந்துகொண்டே போனது. அவர் நிறுத்தாமல் ஓடவிட்டார்; அழிவதே இசையாகி வெளிவந்தது. அற்புதமான வேலை. ஆனால் அது அவருடைய நாடா, அவருடைய முடிவு. அடுத்தவர் கேசட்டை மாற்றித் தருகிற நமக்கு அந்த உரிமை இல்லை. பழசாகிப் போன அழகு என்று பூஞ்சைச் சத்தத்தை ரசித்து விட்டுவைப்பதும், சுத்தம் என்று சங்கைக் கழிப்பதும் எனக்கு ஒரே தப்பாகத்தான் படுகிறது.

காசிமேட்டில் கேட்டது

கப்பல்களை இழுத்துச் செல்லும் துறைமுக டக் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் காசிமேட்டில் இருக்கிறார். அவரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். ஏ பக்கம் பத்து விநாடி ஓடியதும் சிரித்துவிட்டார். "கீச்சுனு வருது பாரு நைனா, அது நம்ம டக்கு. அடியில உறுமுறது வெளியூர்க் கப்பல். பன்னெண்டு அடிச்ச உடனே எல்லாரும் ஒண்ணா ஊதுவோம். டியூட்டில மாட்டிக்கினா எங்களுக்கு அதான் நியூ இயர்."

பி பக்கத்தைப் போட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். "இது நாங்க ஊதுனது இல்லபா. இவ்ளோ கீழ எந்தக் கப்பலும் ஊதாது. ஆனா நம்ம ஹார்பர்தான்." அலைமாலையை வைத்து நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அளவீடு எவ்வளவு இருந்தாலும், அந்த ஊர்ச் சத்தத்தோடு வாழ்ந்த ஒருவரிடம் போட்டுக் காட்டாமல் இந்த மாதிரிப் பதிவை அடையாளம் காணும் வேலையை முடித்ததாக நான் கருதமாட்டேன்.

இதை ஆம்பியன்ட் என்று அழைக்கலாமா என்று நண்பர்களோடு வாதம் நடந்தது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978-ல் விமான நிலையங்களுக்கென்று வெளியிட்ட தட்டில்தான் அந்தப் பெயரை நிலைநிறுத்தினார். கவனித்துக் கேட்டாலும் சரி, கவனிக்காமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் தரும் இசை என்பது அவர் விளக்கம். நீளம் வேறுவேறான நாடாச் சுற்றுகளை ஓடவிட்டு அதைச் செய்தார். அதற்கும் முன்னால், 1948-ல், பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் நிலையத்துச் சத்தத்தை மட்டும் வைத்து ஒரு படைப்பு செய்திருந்தார். ராயபுரத்துப் பெட்டியில் இவர்கள் யாருடைய கேசட்டும் இல்லை. எஞ்சின் அறையில் நாள் முழுக்க உறுமலைக் கேட்டுப் பழகிய ஒரு எலெக்ட்ரீஷியன், லீவில் வந்து வீட்டு மாடியில் கேட்ட உறுமலை இன்னும் கீழே இறக்கிப் பார்த்திருக்கிறார். ஆம்பியன்ட் என்று பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது லண்டனிலிருந்து வந்து சேர்ந்தது என்ற தொனியில் எழுதினால் ஆட்சேபம் உண்டு.

குடும்பத்தின் முடிவு

அம்மா இருக்கிறார். இரண்டு பக்கத்தையும் அவருக்குப் போட்டுக் காட்டியபோது, பதினேழாவது நிமிடத்தை விளக்கினேன். "நான் கத்துனதை எடுத்துட்டாரா? எடுக்கட்டும், பாட்டு அவருது" என்றார். மகளுக்கு அம்மா குரல் இருக்கும் ஏ பக்கம்தான் பெரிசு. அதனால் முடிவு எளிதானது. இரண்டு பக்கமும் வெட்டாமல், திருத்தாமல், தனித்தனியாக இருக்கும். பெயர் சூட்டவில்லை, அவர் எழுதிய 31-12-86 தான் பெயர். மூலக் கோப்பு இரண்டு வேறு வேறு வீடுகளில், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கிறது. அசல் கேசட்டும் பழைய ஓடும் அட்டையும் எஸ்கே-1-ம் குடும்பத்திடமே. வெளியிடுவதா என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும், உரிமை அவர்களுடையது.

பெட்டியில் தேதி மட்டும் போட்ட கேசட்டுகள் இன்னும் சில இருக்கின்றன. அவை இப்போது சிலிக்கா ஜெல் டப்பாவில்.

உங்கள் வீட்டிலும் கப்பல்காரர் பெட்டி இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். வெள்ளை படிந்த கேசட்டைப் பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடாவும் அறுந்துபோகலாம், பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். கையெழுத்து உள்ள அட்டையைத் தனியே பிரிக்க வேண்டாம். மாற்றித் தருகிறவரிடம் கொடுக்கும்போது, இரண்டு பக்கமும் முழுசாக, வெட்டாமல், இரைச்சலும் ஹம்மும் எடுக்காமல் முதல் பிரதி வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சுத்தம் செய்வதை அப்புறம் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.